தேர் வில் பி பிளட்: ஒரு காசும் குறையாமல் ஒருவன் விழுகிற கதை

பேராசைக்காரன் ஒருவனின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்று இந்தப் படத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எழுச்சி, சரி. வீழ்ச்சி எங்கே இருக்கிறது? டேனியல் பிளெய்ன்வியூ கடைசிக் காட்சி வரைக்கும் ஒரு காசு இழக்கவில்லை, ஜெயிலுக்குப் போகவில்லை, போட்டிக் கம்பெனி எதுவும் அவனை விழுங்கவில்லை, நம் படங்களில் வருவது போல வளர்த்த கையே முதுகில் குத்தவும் இல்லை. 1898-இல் ஒரு வெள்ளிச் சுரங்கக் குழிக்குள் தனியாளாகப் பாறையைக் கொத்திக்கொண்டிருந்தவன், 1927-இல் மாளிகைக்குள்ளேயே பௌலிங் தளம் வைத்திருக்கிற கோடீஸ்வரன். கணக்குப் பார்த்தால் முழு வெற்றி. ஆனாலும் படம் முடியும்போது ஒரு மனுஷன் அடியோடு நாசமாகிப் போனதைப் பார்த்த கனம் நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. முதல் பாதி ஏற்றம், இரண்டாம் பாதி இறக்கம் என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டிருக்கிறார் இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன், இந்தப் படத்தில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அதுதான்.

2007-இல் வந்த படம், அதனால் கதையை மறைத்து மறைத்து எழுதப் போவதில்லை. முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் கால் மணி நேரத்துக்கு வசனம் என்று எதுவுமே கிடையாது. பாலை மாதிரி வறண்ட மலை, ஒரு குழி, ஒரு ஆள், ஒரு கடப்பாரை. வெடி வைக்கிறான், ஏணிப்படி உடைந்து குழிக்குள் விழுகிறான், கால் உடைகிறது. வலியில் துடித்துக்கொண்டே வெடித்துச் சிதறிய கல்லை எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறான், வெள்ளி மின்னுகிறது. அடுத்து அந்தக் குழியிலிருந்து மேலே வந்து, உடைந்த காலோடு மல்லாந்தபடியே தரையில் தன்னை இழுத்துக்கொண்டு போகிறான், கேமரா மேலே ஏறினால் எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரு வீடு கூட இல்லை. அடுத்த காட்சி, உலோகத்தைச் சோதித்து மதிப்புப் போடும் அலுவலகம், கட்டுப் போட்ட காலோடு தரையில் படுத்துக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறான். இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வசனம் வேண்டும்? அந்தக் கால் அப்புறம் சரியாகவே ஆவதில்லை. அவன் தரைக்கு மேலே வந்து கோட்டு சூட்டு போட்ட முதலாளியான பிறகும் அந்த நொண்டல் நடை படம் முழுக்கத் தொடர்கிறது. அவனாக நடித்திருக்கிற டேனியல் டே லூயிஸ் அதை எந்தக் காட்சியிலும் மறப்பதில்லை, நமக்குக் காட்டவும் முயற்சிப்பதில்லை.

அப்புறம் 1902, எண்ணெய். கிணற்றுக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஒருவன் மேலேயிருந்து கருவி விழுந்து செத்துப்போகிறான், அவனுடைய கைக்குழந்தை அனாதையாக நிற்கிறது. குழந்தையை டேனியல் எடுத்துக்கொள்கிறான். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போது குழந்தை அவன் மீசையைப் பிடித்து விளையாடுகிறது, அவன் முகத்தில் ஒரு மெல்லிய ஆச்சரியம். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த காட்சியிலேயே 1911 வந்துவிடுகிறது, அந்தப் பையன் எச்.டபிள்யூ. கொஞ்சம் வளர்ந்திருக்கிறான், டேனியல் ஒரு ஊர்க்கூட்டத்தில் நின்று படத்தின் முதல் நீளமான பேச்சைப் பேசுகிறான்: நான் எண்ணெய்க்காரன், நான் குடும்பஸ்தன், இதோ என் மகன், என் பார்ட்னர். பையன் பக்கத்தில் அமைதியாக நிற்கிறான், கூட்டத்தின் கண் அவன் மேல் போகிறது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க இதைவிட நல்ல முகம் கிடைக்குமா? பாசமும் வியாபாரமும் எங்கே ஒட்டியிருக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று படம் கடைசி வரை சொல்வதில்லை. டேனியலுக்கே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பால் சண்டே என்றொரு இளைஞன் வந்து, எங்கள் நிலத்தில் எண்ணெய் தரைக்கு மேலேயே கசிகிறது என்று துப்புக் கொடுத்து 500 டாலர் வாங்கிக்கொண்டு போகிறான். அதற்கப்புறம் அவனைப் படத்தில் நாம் பார்ப்பதே இல்லை. டேனியலும் எச்.டபிள்யூ.வும் காடை வேட்டைக்கு வந்தவர்கள் மாதிரி துப்பாக்கியோடு கூடாரம் அடித்து அந்த நிலத்தை நோட்டம் விடுகிறார்கள். எண்ணெய் இருக்கிறது என்று உறுதியானதும், என்ன விலை கொடுக்கப் போகிறோம் என்று பையன் கேட்க, எண்ணெய் விலை கொடுக்க மாட்டேன், காடை விலைதான் என்கிறான் டேனியல். இந்த ஒரு பதிலில் முழுத் தொழிலும் அடங்கிவிட்டது. புறம்போக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு மானாவாரி விலைக்கு நிலம் வளைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

அந்த வீட்டில்தான் ஈலை சண்டே இருக்கிறான், பாலின் அண்ணனோ தம்பியோ, சொந்தமாகச் சபை நடத்துகிற இளம் போதகன். இரண்டு வேடத்தையும் பால் டேனோவே செய்திருப்பதால், இரண்டு பேரா, ஒரே ஆள் ஏமாற்றுகிறானா என்று நிறைய பேர் குழம்பியிருக்கிறார்கள். இரண்டு பேர்தான், குழம்ப வேண்டாம். ஈலைக்கும் எண்ணெய் பற்றித் தெரியும், அவனுக்கும் பணம் வேண்டும், ஆனால் அதைச் சபைக்காக என்று கேட்பான். டேனியலுக்கு இவனைப் பார்த்த நிமிஷமே பிடிக்காமல் போவதற்குக் காரணம் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது மட்டும் கிடையாது. தன்னுடைய தொழிலையே இன்னொருத்தன் வேறு சரக்கை வைத்துச் செய்கிறான் என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கிணறு தொடங்கும் நாளில் நான் ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்று ஈலை முன்னாடியே வந்து கேட்டு வைத்திருப்பான். அந்த நேரம் வந்ததும் டேனியல் ஈலையைக் கூப்பிடாமல் அவன் தங்கை மேரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தானே இரண்டு வார்த்தை சொல்லி எந்திரத்தை ஓட விட்டுவிடுகிறான். கூட்டத்தில் நிற்கிற ஈலையின் முகத்தைப் பாருங்கள். படத்தில் துப்பாக்கி, வெடி எல்லாம் வருகிறது, ஆனால் பகை ஆரம்பிப்பது இங்கேதான்.

இனி அந்தத் தீ. படத்தின் உச்சம் இதுதான் என்பேன், முடிவைவிட ஒரு படி மேல். வாயு அழுத்தத்தில் கிணறு பீறிட்டுக் கிளம்புகிறது, கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பையன் தூக்கி எறியப்படுகிறான், காது போய்விடுகிறது. டேனியல் ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகிறான், கேமரா கூடவே ஓடுகிறது. பையன் என்னை விட்டுப் போகாதே என்று கதறுகிறான். அவனைப் படுக்க வைத்துவிட்டு டேனியல் கிணற்றுக்குத் திரும்பிவிடுகிறான். கிணறு தீப்பிடித்து இரவு முழுக்க எரிகிறது. இசையமைப்பாளர் ஜானி கிரீன்வுட்டின் தாளம் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, இசை என்று சொல்வதா எந்திரச் சத்தம் என்று சொல்வதா தெரியவில்லை. தீயின் வெளிச்சத்தில், முகம் முழுக்க எண்ணெய் அப்பிய டேனியல் தன் கையாள் ஃபிளெச்சரைப் பார்த்து, ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாய், நம் காலுக்கடியில் ஒரு கடலே இருக்கிறது, என்னைத் தவிர யாரும் அதைத் தொட முடியாது என்கிறான். பையன் எப்படி இருக்கிறான் என்று ஃபிளெச்சர் கேட்கிறான். இல்லை, நன்றாக இல்லை என்று பதில் சொல்லிவிட்டு டேனியல் மறுபடி தீயைப் பார்க்கத் திரும்பிவிடுகிறான். ஃபிளெச்சர்தான் எழுந்து பையனிடம் போகிறான். ஒரே இரவில் அவன் பணக்காரனாவதும் அப்பா என்ற இடத்தை இழப்பதும் நடந்து முடிந்துவிட்டது, இரண்டுக்கும் வெளிச்சம் போட்டது ஒரே தீ. ஒளிப்பதிவாளர் ராபர்ட் எல்ஸ்விட் ஆஸ்கர் வாங்கியதற்கு இந்தப் பத்து நிமிஷமே போதும்.

கிரீன்வுட்டின் இசைக்கு ஆஸ்கர் பரிந்துரையே கிடைக்கவில்லை, அவர் முன்பே எழுதி வைத்திருந்த ஒரு படைப்பின் பகுதிகள் அதில் கலந்திருந்ததால் போட்டிக்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். விதி விதிதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

பையனை ரயிலில் ஏற்றிவிட்டு, ஒரு நிமிஷம் என்று சொல்லி இறங்கிப்போய்த் தனியே அனுப்பி வைக்கிற காட்சியைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கப்புறம் வருகிற பேரக் காட்சி ஒன்றைப் பலரும் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள். பெரிய எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டு ஆயிலின் ஆட்கள் வந்து உட்கார்ந்து, கிணறுகளை எங்களுக்குக் கொடுத்துவிடு, உன்னை மில்லியனராக்குகிறோம் என்கிறார்கள். விற்றுவிட்டு நான் என்ன செய்வது என்று டேனியல் கேட்கிறான். திமிரில் கேட்கவில்லை, உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. மகனைப் பார்த்துக்கொள்ளலாமே என்று எதிரே இருப்பவர் யதார்த்தமாகச் சொல்கிறார். அவ்வளவுதான், இவன் ஆடிப்போய்விடுகிறான். என் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று எனக்கே சொல்கிறாயா, ஒருநாள் ராத்திரி நீ தூங்கும்போது வந்து கழுத்தை அறுப்பேன் என்கிறான். பேரம் பேச வந்தவர் பாவம், திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். பணத்துக்காக ஓடுகிறவனாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பான். போட்டியில் அடுத்தவன் தோற்க வேண்டும் என்பதுதான் இவனுக்கு வேண்டும், இதை அண்ணன் தம்பி உறவு சொல்லிக்கொண்டு வருகிற ஹென்றியிடம் அவனே வாய்விட்டுச் சொல்கிறான்: வேறு யாரும் ஜெயிக்கக் கூடாது, எனக்கு மனுஷர்களையே பிடிக்கவில்லை. அந்த ஹென்றி போலி ஆள் என்று தெரிந்ததும் அவன் கதையும் முடிகிறது. படத்தில் டேனியல் மனம் திறந்து பேசியது அந்த ஒருத்தனிடம் மட்டும்தான்.

ஞானஸ்நானக் காட்சிக்கு வருவோம். ரயிலில் எண்ணெய் அனுப்புகிற செலவு கட்டுப்படியாகாது என்று கடற்கரை வரைக்கும் குழாய் போட டேனியல் திட்டமிடுகிறான், வழியில் பேண்டி என்ற கிழவரின் நிலம் இருக்கிறது. ஹென்றி விஷயத்தில் பேண்டியிடம் ஒரு பிடி இருக்கிறது, அதனால் அவர் பணம் கேட்கவில்லை, நீ ஈலையின் சபைக்கு வந்து பாவத்தைக் கழுவு என்கிறார். முன்பு தன்னைச் சேற்றில் புரட்டி அடித்த டேனியலை இப்போது சபை நடுவில் மண்டியிட வைத்து ஈலை கன்னத்தில் மாறி மாறி அறைகிறான், பிள்ளையைக் கைவிட்டேன் என்று கத்தச் சொல்கிறான். இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக. முதலில் டேனியல் கேலியாகத்தான் கத்துகிறான். ஒரு கட்டத்தில் குரல் உடைகிறது, நடிப்பு எங்கே நின்று உண்மை எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கிற நமக்கும் பிடிபடவில்லை. அது முடிந்து தலையில் தண்ணீர் ஊற்றும்போது வாய்க்குள் என்ன முணுமுணுக்கிறான் தெரியுமா? குழாய் கிடைத்துவிட்டது என்கிறான். சிரிப்பு வருகிறது, கூடவே குமட்டுகிறது. டே லூயிஸுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் போனதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. 1911-க்கு அப்புறம் ஒரே தாவாகத் தாவி 1927-க்குப் போய்விடுகிறது படம், நடுவில் பதினாறு வருஷம் காணோம். டேனியல் எப்படி அவ்வளவு பெரிய ஆளானான், பையன் அவனோடு எப்படி வாழ்ந்தான், மேரியோடு அவன் காதல் எப்படி வளர்ந்தது, எதுவும் இல்லை, நேராகக் கல்யாணத்தைக் காட்டிவிடுகிறார்கள். பெண்களுக்குப் படத்தில் இடமே கிடையாது, மேரி கூட நான்கு வார்த்தை பேசினால் அதிகம். இன்னொன்று, டேனியலுக்கு நரை, தளர்ச்சி எல்லாம் வந்துவிட்டது, ஈலை மட்டும் 1911-இல் பார்த்த அதே வழவழ முகத்தோடு வந்து நிற்கிறான். சாத்தானோடு ஏதோ ஒப்பந்தம் என்று ரசிகர்கள் வியாக்கியானம் சொல்வார்கள், எனக்கு மேக்கப் கோளாறாகத்தான் படுகிறது.

கடைசிப் பகுதியை வெறுப்பவர்களும் இருக்கிறார்கள், ரொம்பக் கத்தல், நாடகத்தனம் என்று. எனக்கு அதில் பாதி உடன்பாடு. முதல் பாதியை, அதாவது மகன் வந்து பேசுகிற காட்சியை யாரும் குறை சொல்ல முடியாது. காது கேளாத எச்.டபிள்யூ. சைகையில் பேசுகிறான், பக்கத்தில் ஒருவர் அதை வாயால் சொல்கிறார். மெக்சிகோ போய்ச் சொந்தமாகக் கிணறு தோண்டப் போகிறேன், உங்களைத் தொழில் கூட்டாளியாக வேண்டாம், அப்பாவாக மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறான். டேனியலின் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான்: அப்படியானால் நீ என் போட்டியாளன். நீ என் மகனே இல்லை, கூடையில் கிடந்த அனாதை, உன் முகம் எனக்கு நிலம் வாங்க உதவியது, அவ்வளவுதான் என்கிறான். உன் ரத்தம் என்னிடம் துளி கூட இல்லை என்பதற்குக் கடவுளுக்கு நன்றி என்று மகன் எழுந்து போகிறான். போன பிறகு சில நொடிகள் பழைய காட்சி ஒன்று வருகிறது, கோபுரத்துக்குப் பக்கத்தில் அப்பாவும் சின்னப் பையனும் விளையாடுகிறார்கள். சொன்னது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

அப்புறம்தான் அந்தப் பௌலிங் தளம். ஈலை பணமுடையில் வந்து, பேண்டி நிலத்தைத் தோண்ட உனக்கு ஏற்பாடு செய்கிறேன், எனக்குப் பங்கு கொடு என்கிறான். சரி, ஆனால் நான் பொய்த் தீர்க்கதரிசி, கடவுள் மூடநம்பிக்கை என்று கத்து என்கிறான் டேனியல். சபையில் பட்டதற்கு வட்டியோடு வசூல். ஈலை கத்திக் கத்தித் தொண்டை வறண்டதும், அந்த நிலத்தில் இப்போது எண்ணெயே இல்லை, சுற்றியிருக்கிற என் கிணறுகள் வழியாக எப்போதோ உறிஞ்சி எடுத்துவிட்டேன் என்கிறான். மில்க்ஷேக்கை உதாரணம் காட்டுகிற அந்தப் பிரபலமான பேச்சு இதுதான். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் விஷயம் உண்மை: நிலத்தடி எண்ணெய்க்கு வேலி கிடையாது, அழுத்தம் குறைகிற பக்கம் ஓடும், அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி தன் நிலத்துக் கிணற்றில் மேலே வந்தது எடுத்தவனுக்கே சொந்தம். பக்கத்து நிலத்துக்காரன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் அப்போது ஆளாளுக்கு நெருக்கி நெருக்கிக் கோபுரம் எழுப்பினார்கள். இதுவரைக்கும் காட்சி பிரமாதம். அதற்கப்புறம் வருகிற துரத்தலும் அடியும் கொஞ்சம் அளவு மீறிப் போகிறது என்பேன், டே லூயிஸ் அந்த இடத்தில் மட்டும் நடிக்கிறார் என்று தெரிகிறது.

அந்த இடம் செட் கிடையாது. பெவர்லி ஹில்ஸில் இருக்கிற கிரேஸ்டோன் மாளிகையின் நிஜமான பௌலிங் தளம். அதைத் தன் மகனுக்காகக் கட்டிக் கொடுத்தவர் எட்வர்ட் டொஹெனி, வெள்ளி தேடி அலைந்து, 1892-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணெய் எடுத்துக் கோடீஸ்வரரானவர். மகன் நெட், 1929-இல் அதே வீட்டில் குண்டடிபட்டு இறந்து கிடந்தார். அரசு எண்ணெய் நிலத்துக்காக அமைச்சர் ஆல்பர்ட் ஃபாலுக்கு 100,000 டாலர் லஞ்சம் கொடுத்ததாக டொஹெனி மேல் வழக்கு நடந்தது. வாங்கியதற்காக ஃபாலுக்குத் தண்டனை, கொடுத்த குற்றச்சாட்டிலிருந்து டொஹெனிக்கு விடுதலை! சொத்தும் கையைவிட்டுப் போகவில்லை. அப்டன் சின்கிளேர் 1927-இல் எழுதிய நாவலுக்கு இந்த ஊழலும் ஒரு தூண்டுதல். அந்த நாவலின் முற்பகுதியைத்தான் ஆண்டர்சன் எடுத்துக்கொண்டார், நாவலில் மையம் மகன்தான், அரசியலும் தொழிற்சங்கமும் நிறைய. படத்தில் அதெல்லாம் உதிர்ந்துவிட்டது. நாவல் படித்தவர்கள் வருத்தப்படலாம், எனக்கு இப்படி ஒரே ஆள் மேல் கண்ணை வைத்ததுதான் சரியாகப் படுகிறது.

இந்த ஆள் ஏன் இப்படியானான் என்று சின்ன வயசுக் காயம் எதையும் ஃபிளாஷ்பேக் போட்டுக் காட்டாமல் விட்டதற்கும் ஆண்டர்சனுக்கு ஒரு நன்றி. அம்மா செத்தது, அப்பா அடித்தது, காதலி ஏமாற்றியது என்று ஒரு காரணத்தைக் கொடுத்திருந்தால் நாம் ஐயோ பாவம் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

யாருக்கு இந்தப் படம்? வேகம் வேண்டும் என்பவர்களுக்குச் சத்தியமாக இல்லை. 158 நிமிஷம், பாட்டு இல்லை, நல்லவன் என்று பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு காட்சி நீண்டால் நீளட்டும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். போனில் மட்டும் பார்க்காதீர்கள், பாதிப் படம் இருட்டும் தூரமும்தான், ஆறு அங்குலத் திரையில் ஒன்றும் தெரியாது, அந்த இசையும் சின்ன ஸ்பீக்கரில் தகர டப்பாவாகிவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு, ஒரே மூச்சில் முடியாது என்றால் கிணற்றுத் தீ அணைகிற இடத்தில் நிறுத்திவிட்டு மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.